விளக்கு ஏன் எரியவில்லை?

நள்ளிரவு மணி இரண்டு. எண்பது வயதை நெருங்கும் ஒரு பாட்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, காலைத் தரையில் வைக்கிறார். அவர் கால் வைத்ததுமே குளியலறை வாசலில் உள்ள விளக்கு தானாக எரிய வேண்டும். எரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிறார். வழியில் ஒரு முக்காலி.

நல்லவேளை, முழங்காலில் ஒரு சிராய்ப்போடு போயிற்று. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மறுநாள் காலையில் அந்தப் பாட்டியின் மகன் எனக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் என் நீண்டநாள் நண்பர். "பகலில் எத்தனை முறை சோதித்தாலும் விளக்கு ஒழுங்காக எரிகிறது. இராத்திரியில்தான் ஏமாற்றுகிறது. மூன்று வாரமாக இதே தொல்லை. என்ன மாயமோ தெரியவில்லை" என்றார்.

மாயம் ஒன்றுமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்தத் துப்பறியும் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டில் இப்படிப்பட்ட தானியங்கி விளக்குகள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்தக் கதைக்குத் தேவையானவை கொஞ்சம் பௌதிகம், கொஞ்சம் கணக்கு, நிறையப் பொறுமை. அவ்வளவுதான்.

செய்தி போகும் பாதை

முதலில் அந்த விளக்கு எப்படித் தானாக எரிகிறது என்று பார்ப்போம்.

பாட்டியின் கட்டிலுக்கு அருகே, சுவரில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு உணர்கருவி ஒட்டப்பட்டிருக்கிறது. நம் உடம்பு எப்போதும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது அல்லவா? உடம்பு அசையும்போது அந்தக் கதிர்களில் ஏற்படும் மாற்றத்தை இந்தக் கருவி உணர்ந்துகொள்கிறது. உணர்ந்ததும், 'இங்கே ஒருவர் அசைகிறார்' என்று வானொலி அலையில் ஒரு சிறு செய்தியை அனுப்புகிறது. இதற்கெல்லாம் மின்சாரம் தருவது நாணயம் போன்ற ஒரு 3 வோல்ட் மின்கலம்.

அந்தச் செய்தி கூடத்தில் உள்ள ஒரு சிறு கணிப்பொறிக்குப் போய்ச் சேர வேண்டும். கணிப்பொறியின் யூ.எஸ்.பி. துளையில் விரல் நீளத்துக்கு ஒரு குச்சி செருகப்பட்டிருக்கிறது. வீட்டில் உள்ள உணர்கருவிகளும் விளக்குகளும் சேர்ந்த வலையமைப்புக்கு இதுதான் தலைமை. நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று கடையில் சொல்வார்கள். நண்பர் வீட்டில் எல்லோரும் 'குச்சி' என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

குச்சி செய்தியைக் கேட்டுக் கணிப்பொறியிடம் சொல்கிறது. கணிப்பொறியில் இயங்கும் நிரல், 'இப்போது இரவு. ஆகவே விளக்கைப் போடு' என்று முடிவு செய்கிறது. அந்தக் கட்டளை வை-ஃபை ரூட்டருக்குப் போய், அங்கிருந்து குளியலறை விளக்கின் சுவிட்சில் உள்ள வை-ஃபை கருவியை அடைகிறது. விளக்கு எரிகிறது.

எண்ணிப் பாருங்கள்: உணர்கருவி, குச்சி, கணிப்பொறி, நிரல், ரூட்டர், சுவிட்ச். சங்கிலியில் ஆறு கண்ணிகள். இத்தனையும் ஒரு வினாடிக்குள் நடந்து முடிகிறது. எந்தக் கண்ணி அறுந்தாலும் பாட்டிக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: விளக்கு எரியவில்லை.

நண்பர் முதலில் செய்த காரியம், நம்மில் பலர் செய்வது. உணர்கருவி பழுது என்று தீர்மானித்துப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். பகலில் எரிந்தது, இரவில் எரியவில்லை. பிறகு எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட்டார். அன்று பகலிலும் எரிந்தது, இரவில் எரியவில்லை. அணைத்துப் போடுவதால் பல சமயம் கருவிகள் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிச் சரியானால் ஏன் சரியாயிற்று என்று தெரியாது. சரியாகாவிட்டால், கருவிகளின் நினைவில் இருந்த சில தடயங்களும் அழிந்துபோயிருக்கும். ஆகவே நான் முதலில் கேட்டுக்கொண்டது, "தயவுசெய்து இனி எதையும் அணைத்துப் போடாதீர்கள்" என்பதுதான்.

நடுவில் வெட்டு

தரைக்கடியில் ஓடும் நீளமான தண்ணீர்க் குழாய் எங்கோ அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையிலிருந்து தோண்டிக்கொண்டே போவீர்களா? அனுபவமுள்ள குழாய்க்காரர் நடுவில் உள்ள இணைப்பைத் திறந்து பார்ப்பார். அங்கே தண்ணீர் வந்தால் முதல் பாதியில் குறையில்லை. வராவிட்டால் இரண்டாம் பாதியைப் பற்றி இப்போதைக்குக் கவலை இல்லை. ஒரே சோதனையில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால், ஆயிரம் கண்ணிகள் உள்ள சங்கிலியில்கூட அறுந்த இடத்தைப் பத்தே சோதனைகளில் பிடித்துவிடலாம். 2-ஐப் பத்து முறை பெருக்கினால் 1024 வருகிறதல்லவா!

எங்கள் சங்கிலிக்கு நடுவில் இருப்பது கணிப்பொறி. அதிலிருந்து விளக்கு வரையுள்ள பாதியை முதலில் சோதித்தோம். இரவு பதினொரு மணிக்குக் கணிப்பொறியில் அமர்ந்து, 'குளியலறை விளக்கைப் போடு' என்று நேரடியாகக் கட்டளை கொடுத்தார் நண்பர். உடனே எரிந்தது. பத்து முறை கொடுத்தோம். பத்து முறையும் எரிந்தது. ஆகவே ரூட்டர், சுவிட்ச் இரண்டும் குற்றவாளிகள் அல்ல.

இந்தப் பாதியில் அடிக்கடி ஏற்படும் ஒரு கோளாறை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ரூட்டர் தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐ.பி. முகவரி தருகிறது. அது சொந்த வீட்டு முகவரி அல்ல, வாடகை முகவரி. மின்வெட்டுக்குப் பிறகு கருவிகள் வேறு வரிசையில் விழித்தெழுந்தால், நேற்று ஒரு சுவிட்சுக்கு இருந்த முகவரி இன்று தொலைக்காட்சிக்குப் போய்விடலாம். நிரல் பழைய முகவரிக்கே கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கும்! இதைக் கண்டுபிடிக்க 'பிங்' என்ற ஒரு சிறிய நிரல் இருக்கிறது. ஒரு முகவரிக்கு ஒரு குரல் கொடுத்து, பதில் குரல் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும். அமெரிக்க இராணுவத்தின் எறிபொருள் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேட அனுப்பும் ஒலி, எதிரொலியாகத் திரும்பி வருவதை மனத்தில் வைத்தே இந்தப் பெயரைச் சூட்டினார். இன்றும் உலகெங்கும் வலையமைப்பைப் பழுது பார்ப்பவர்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் இதுவே. ரூட்டரிடம் சொல்லி, ஒரு கருவிக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

அடுத்து முதல் பாதி. குச்சிக்கும் கணிப்பொறிக்கும் இடையிலும் ஒரு பெயர்க் குழப்பம் நேர்வதுண்டு. லினக்ஸ் கணிப்பொறிகள், செருகப்பட்ட இப்படிப்பட்ட குச்சிகளுக்கு வந்த வரிசைப்படி 0, 1 என்று எண் கொடுக்கின்றன. வகுப்பில் அன்றன்று வந்த வரிசையில் பதிவெண் கொடுத்தால் எப்படி இருக்கும்? இரண்டு குச்சிகள் இருக்கும் வீட்டில், ஒரு மின்வெட்டுக்குப் பிறகு 0 என்பது 1 ஆகிவிடும். நிரல் தவறான குச்சியுடன் பேச முயன்று தோற்கும். குச்சியின் தொழிற்சாலை எண்ணைக் கொண்டு அதை அடையாளம் கண்டுகொள்ளுமாறு நிரலுக்குச் சொல்லிவிடுவதே இதற்கு மருந்து. நண்பர் வீட்டில் இருப்பது ஒரே குச்சி. அதுவும் கூடத்து உணர்கருவிகளின் செய்திகளைத் தவறாமல் கணிப்பொறியிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தது.

எஞ்சியது ஒரே கண்ணி: படுக்கையறை உணர்கருவிக்கும் கூடத்துக் குச்சிக்கும் நடுவே உள்ள வெட்டவெளி.

காற்றில் ஒரு கண்ணி

இந்த வெட்டவெளியில் செய்தி ஜிக்பீ என்ற முறையில் பயணம் செய்கிறது. இதற்கு அடிப்படையான விதிமுறை 2003-ஆம் ஆண்டு வெளியானது. 2405 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை, ஐந்து ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில், 16 அலைவரிசைகள் இதற்கு உண்டு. 11 முதல் 26 வரை இவற்றுக்கு எண்கள். அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். இதே பகுதியில்தான் வை-ஃபையும் இயங்குகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் இங்கேதான்.

இசட்-வேவ் என்று இன்னொரு முறையும் உண்டு. அதற்கு இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ் பகுதி, அமெரிக்காவில் 908. ஆகவே அமெரிக்காவிலிருந்து வரும் மாமா அன்போடு வாங்கி வரும் இசட்-வேவ் கருவி, இங்குள்ள குச்சியோடு ஒருநாளும் பேசாது. இரண்டிலும் பழுது இருக்காது. இது தெரியாமல் நாள்கணக்கில் போராடியவர்கள் உண்டு.

இரவில் மட்டும் கோளாறு என்றதும் எனக்குத் தோன்றியது, அக்கம்பக்கத்து வீடுகளின் வை-ஃபை. இரவில் எல்லோரும் படம் பார்ப்பார்கள் அல்லவா? வை-ஃபை ரூட்டர்கள் பெரும்பாலும் 1, 6, 11 என்ற தடங்களில் இயங்குகின்றன. இவற்றின் மையங்கள் 2412, 2437, 2462 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அடைத்துக்கொள்ளும். நண்பரின் ஜிக்பீ வலையமைப்பு 15-ஆம் அலைவரிசையில், அதாவது 2425-இல் இருந்தது. நீங்களே ஒரு கோடு போட்டுக் குறித்துப் பாருங்கள். முதல் தடம் 2422-இல் முடிகிறது. ஆறாம் தடம் 2427-இல் தொடங்குகிறது. இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரு சைக்கிள் போவதுபோல, 2425 நடுச்சந்தில் நழுவிவிடுகிறது. என் ஊகம் தவறு.

மின்கலத்தையும் பார்த்தோம். புதியது. இங்கே ஓர் எச்சரிக்கை: நாணய மின்கலத்தை வெறுமனே வோல்ட்மீட்டரில் வைத்துப் பார்த்து 3 வோல்ட் காட்டுகிறது என்று நம்பிவிடாதீர்கள். செய்தி அனுப்பும் அந்த ஒரு கணத்தில் கருவி அதிக மின்னோட்டத்தை இழுக்கும். கிழட்டு மின்கலத்தின் மின்னழுத்தம் அப்போதுதான் சரியும்.

பிறகு கணிப்பொறியின் பதிவேட்டைத் திறந்தோம். எந்தக் கருவியிடமிருந்து எப்போது செய்தி வந்தது என்று நிமிடத்துக்கு நிமிடம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஊகத்தின் பின்னால் ஓடியது என் தவறு. அந்த உணர்கருவி, யாரும் அசையாவிட்டாலும், மணிக்கு ஒரு முறை 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும் வழக்கமுடையது. அந்தக் குரல் தினமும் இரவு பத்து மணிவாக்கில் நின்றுபோயிருந்தது. காலை ஆறு மணிக்குமேல் மறுபடி கேட்டது. மூன்று வாரமும் இப்படியே.

அதே பக்கத்தில் இன்னொரு வரி கண்ணில் பட்டது. நடையில் உள்ள விளக்கு, அதுவும் ஜிக்பீ விளக்குதான், அதே பத்து மணிவாக்கில் 'தொடர்பு இல்லை' என்றும், காலையில் 'தொடர்பு உண்டு' என்றும் பதிவாகியிருந்தது.

நண்பர் தன் தாயாரிடம் போனார்.

"அம்மா, நடை விளக்கு சுவிட்சை இராத்திரியில் யார் அணைக்கிறது?"

"நான்தான்டா. படுக்கப் போகும்போது அணைச்சிட்டுத்தான் போவேன். ஆள் இல்லாத இடத்துக்கு விளக்கு எதுக்கு?"

காலையில் மருமகள் எழுந்து அந்தச் சுவிட்சைப் போட்டுவிடுவாராம்.

விளக்கு செய்த அஞ்சல்

நடை விளக்கை அணைத்தால் படுக்கையறை உணர்கருவி ஏன் ஊமையாக வேண்டும்?

ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொரு நிலையம் வாங்கி அஞ்சல் செய்வதைக் கேட்டிருப்பீர்கள். ஜிக்பீ வலையமைப்பிலும் அப்படித்தான். தூரத்திலுள்ள கருவியின் செய்தி நேரே குச்சியை எட்டாவிட்டால், நடுவிலுள்ள வேறொரு கருவி அதை வாங்கி அஞ்சல் செய்யும். ஆனால் எல்லாக் கருவியும் இதைச் செய்வதில்லை. அஞ்சல் நிலையம் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். மின்கலத்தில் ஓடும் கருவி அப்படி விழித்திருந்தால் சில நாளிலேயே மின்கலம் தீர்ந்துபோகும். அதனால் அது பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டேயிருக்கும். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் விளக்குகளும் செருகுபெட்டிகளும்தான் அஞ்சல் வேலை பார்க்கும். விளக்கு எரிய வேண்டும் என்பதில்லை. சுவரிலுள்ள சுவிட்ச் போட்டிருந்தால் போதும், உள்ளே உள்ள வானொலி விழித்திருக்கும். சுவிட்சை அணைத்தால் விளக்கோடு அஞ்சல் நிலையமும் மூடப்படுகிறது.

"கண்டுபிடித்தாயிற்று!" என்று நண்பர் துள்ளினார். நானும் துள்ளியிருப்பேன். ஆனால் ஒரு கேள்வி உறுத்தியது. இந்த ஏற்பாட்டைச் செய்து ஐந்து மாதம் ஆகிறது. பாட்டி முதல் நாளிலிருந்தே சுவிட்சை அணைத்துக்கொண்டுதான் இருக்கிறார். அப்படியானால் முதல் நான்கு மாதம் விளக்கு எப்படி எரிந்தது?

பதிவேட்டின் பழைய பக்கங்கள் விடை சொல்லின. அந்த நாள்களிலும் நடை விளக்கு பத்து மணிக்குத் தொடர்பை இழந்திருந்தது. ஆனால் உணர்கருவி சிறிது நேரம் தடுமாறிவிட்டு, குச்சியுடன் நேரடியாகவே இணைந்துகொண்டிருந்தது. இடையில் இரண்டு சுவர்கள், ஒன்பது மீட்டர் தூரம். அவ்வளவையும் கடந்து அதன் குரல் எட்டியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்புதான் எட்டாமல் போயிருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன் என்ன மாறியது?

நண்பர் நெடுநேரம் யோசித்தார். "ஒன்றும் மாறவில்லையே. தங்கை மகள் கல்யாணப் படங்களை வைக்க ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கிக் கணிப்பொறியில் செருகினேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்றார். குச்சிக்குப் பக்கத்துத் துளையில், நீல நிறத் துளையில், அது செருகப்பட்டிருந்தது.

மாவு மில்லில் ஓர் இரகசியம்

நீல நிறத் துளை பெரும்பாலும் யூ.எஸ்.பி. 3 வகையைக் குறிக்கும். அதன் வழியே வினாடிக்கு 500 கோடி துணுக்குகள் பாய முடியும். ஒவ்வொரு துணுக்கும் 0 அல்லது 1. இப்போது ஒரு கணக்கு. 1, 0, 1, 0 என்று மாறி மாறி வந்தால், ஒரு 1-உம் ஒரு 0-உம் சேர்ந்து ஓர் அலை ஆகின்றன. ஆகவே வினாடிக்கு 250 கோடி அலைகள். அதாவது 2500 மெகாஹெர்ட்ஸ். ஜிக்பீயின் எல்லை 2480-இல் முடிகிறது என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா? உண்மையில் துணுக்குகள் இப்படி ஒழுங்காக மாறி வருவதில்லை, கலைத்துப்போட்டே அனுப்பப்படுகின்றன. அதனால் இரைச்சல் ஒரே இடத்தில் நில்லாமல் மிக அகலமாகப் பரவுகிறது. 2400 மெகாஹெர்ட்ஸ் பகுதி அதற்குள் நன்றாக மாட்டிக்கொள்கிறது. இன்டெல் நிறுவனத்தார் 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். யூ.எஸ்.பி. 3 வட்டு ஒன்றைச் செருகியதும் அருகே அந்தப் பகுதியின் இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு, உயர்ந்ததாம்.

குச்சியின் நிலையை எண்ணிப் பாருங்கள். தூரத்து உணர்கருவியிலிருந்து வந்து சேரும் ஆற்றல், ஒரு மில்லிவாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்கே இருக்கக்கூடும். அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டிய குச்சி, இரண்டு விரற்கடை தள்ளி இரைச்சல் போடும் வட்டின் பக்கத்தில் நிற்கிறது. மாவு மில்லுக்குள் நின்றுகொண்டு இரகசியம் கேட்பது போலத்தான்! அருகிலிருந்த நடை விளக்கின் குரல் உரத்தது. அது இரைச்சலை மீறிக் கேட்டது. உணர்கருவியின் குரல் மூழ்கிப்போயிற்று.

இதை உங்கள் வீட்டிலேயே உணர்ந்து பார்க்க ஒரு சோதனை உண்டு. மின்கலத்தில் இயங்கும் பழைய டிரான்சிஸ்டர் வானொலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அலையில், எந்த நிலையமும் கேட்காத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். பிறகு கைப்பேசிக்கு மின்னேற்றிக்கொண்டிருக்கும் சார்ஜர் அருகே அல்லது எரிந்துகொண்டிருக்கும் எல்.இ.டி. விளக்கு அருகே கொண்டுபோங்கள். பல சார்ஜர்கள் 'கர்'ரென்று இரைவது கேட்கும். சில நல்ல சார்ஜர்கள் சாதுவாக இருக்கும். இப்போது வானொலியை ஒவ்வொரு சாணாக விலக்கிக்கொண்டே வாருங்கள். எவ்வளவு விரைவில் இரைச்சல் அடங்கிவிடுகிறது என்று கவனியுங்கள். எந்தக் கருவியையும் திறக்க வேண்டாம். தொலைவை மட்டும் மாற்றினால் போதும். எங்களுக்குத் தேவையான மருந்து அதிலேயே இருந்தது.

நான்கு சோதனைகள்

ஊகம் இரண்டாம் முறையும் தவறாகக்கூடும் என்பதால் முறையாகச் சோதித்தோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்று பேசிக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் கருவிகள் புதிய பாதையைத் தேடிக்கொள்ள அரை மணி நேரம் காத்திருந்தோம்.

வட்டு இல்லை, நடை விளக்கின் சுவிட்ச் போட்டிருக்கிறது: உணர்கருவியின் செய்தி வந்தது. வட்டு இல்லை, சுவிட்சும் அணைந்திருக்கிறது: வந்தது. வட்டைச் செருகிச் சுவிட்சையும் போட்டோம்: வந்தது. வட்டு செருகியபடியே இருக்கச் சுவிட்சை அணைத்தோம்: வரவில்லை.

நான்கில் ஒன்றுதான் தோற்றது. வட்டு மட்டும் குற்றவாளியில்லை. பாட்டி அணைத்த சுவிட்ச் மட்டும் குற்றவாளியில்லை. இரண்டும் சேரும்போதுதான் குளியலறை இருண்டது. பகலில் சுவிட்ச் போட்டிருந்ததால், நண்பரின் பகல் சோதனைகள் எல்லாம் வெற்றி பெற்றன. அவர் வேறு உணர்கருவி வாங்கியது வீண் செலவு.

ஐந்தாவதாக ஒரு சோதனை. ஒரு மீட்டர் நீளமுள்ள யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பியை வாங்கி, குச்சியை அதன் முனையில் செருகி, கணிப்பொறியையும் வட்டையும் விட்டு விலக்கிச் சுவரில் மாட்டினோம். வட்டு செருகியிருக்கிறது, சுவிட்ச் அணைந்திருக்கிறது. படுக்கையறையில் கையை அசைத்தார் நண்பர். குளியலறை விளக்கு எரிந்தது.

கேக் வேகும்போது எரியும் விளக்கு

சம்பந்தமில்லாத ஒரு பொருள் குறுக்கே புகுந்து குழப்புவது இந்தத் துறைக்குப் புதிதல்ல. ஸ்காட்லாந்தில் கிளென்ராத்தெஸ் என்ற ஊரிலிருந்த பைக்கோ எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் 1975-இல் எக்ஸ்-10 என்ற முறையை உருவாக்கியது. வீட்டுத் தானியங்கி ஏற்பாடுகளில் பரவலாகப் புழங்கிய முதல் முறை இது. இதில் வானொலி வேண்டியதில்லை. வீட்டு மின்கம்பியிலேயே செய்தி போகும். மாறுதிசை மின்னோட்டம் சுழியைக் கடக்கும் கணத்தில், 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்று இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. சுழியருகே மின்கம்பியில் இரைச்சல் குறைவு என்பதால் அந்தக் கணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கெட்டிக்காரத்தனமான யோசனை.

ஆனால் அமெரிக்க வீடுகளில் இது ஒரு விசித்திரமான தொல்லை கொடுத்தது. அங்கே வீட்டுக்குள் 120 வோல்ட் கம்பிகள் இரண்டு வருகின்றன. சாதாரண விளக்குகளில் பாதி ஒரு கம்பியிலும் மீதி மற்றதிலும் இருக்கும். ஒரு கம்பியில் அனுப்பிய செய்தி மற்றதற்குப் போக, தெருவிலுள்ள டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்த் திரும்ப வேண்டும், அதற்குள் மெலிந்துவிடும். மின்சார அடுப்பு மட்டும் இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே, 240 வோல்ட்டில் இயங்கும். அடுப்பைப் போட்டதும் அதன் சூடேறும் கம்பிச்சுருளே செய்திக்குப் பாலமாகிவிடும். விளைவு? அடுப்பில் கேக் வேகும்போது மட்டும் சொன்னபடி கேட்கும் விளக்கு!

இதற்குக் கண்ட மருந்து, இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே ஒரு மின்தேக்கி. உயர்வகுப்பு மாணவர்கள் மின்தேக்கியின் மறுப்பைக் கணக்கிட அறிவார்கள். 0.1 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது சுமார் 26,500 ஓம் தடை. 120 கிலோஹெர்ட்ஸ் செய்திக்கு வெறும் 13 ஓம். மின்சாரத்துக்கு மூடிய கதவு, செய்திக்குத் திறந்த வாசல். இதைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். வீட்டு மின்கம்பியில் போட்டுப் பார்க்காதீர்கள். அது மின்பணியாளர் செய்யும் வேலை.

நண்பர் வீட்டில் ஒரு வேலை பாக்கி இருந்தது. நடை சுவிட்சின் மேல் 'அணைக்கக் கூடாது' என்று சீட்டு எழுதி ஒட்ட வேண்டும் என்றார் அவர். நான் ஒப்பவில்லை. ஐம்பது வருடமாக விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகும் ஒரு பெண்மணி, ஐந்து மாதக் குச்சிக்காக அந்த நல்ல பழக்கத்தை ஏன் மாற்றிக்கொள்ள வேண்டும்? மாற வேண்டியது குச்சியின் ஏற்பாடு. ஆகவே அஞ்சல் வேலைக்கென்றே ஒரு செருகுபெட்டி வாங்கி, நடையில் யாரும் கை வைக்காத உயரத்திலிருந்த ஒரு துளையில் மாட்டினோம். இப்போது உணர்கருவிக்கு இரண்டு வழிகள். ஒன்று அடைத்தாலும் மற்றது இருக்கிறது.

அந்தப் பெட்டியில் ஒரு சிறு சிவப்பு விளக்கு எந்நேரமும் எரிந்தது. இரண்டாம் நாளே பாட்டி அண்ணாந்து பார்த்து, "இது எதுக்குடா சும்மா எரியுது?" என்று கேட்டுவிட்டார். நண்பர் அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு நாடாவை ஒட்டினார்.

பதிவேட்டில் இன்றும் தினமும் பத்து மணிவாக்கில் 'நடை விளக்கு: தொடர்பு இல்லை' என்ற வரி விழுகிறது. அதன் கீழே, மணிக்கொரு முறை, விடியும் வரை, உணர்கருவியின் வரியும் விழுகிறது.